எளிய கலியாணத்தை ஆண்பிள்ளை பெற்றவர்கள் தொடங்கட்டும்

மட்டக்களப்பில் மாப்பிள்ளை கேட்டுப் போவது பொம்பிளை பகுதி. எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் இதுதான் வழக்கம். கேட்டுப் போகிறவர்கள் தங்கள் வாயால் "சுருக்கமாகச் செய்வோம்" என்று சொல்ல முடியாது. சொன்னால், கொடுக்க மனமில்லாதவர்கள் என்ற பெயர்தான் மிஞ்சும். எளிய கலியாணத்தைப் பற்றி இன்று பலரும் பேசுகிறார்கள், எழுதுகிறார்கள். அந்தப் பேச்சு மாப்பிள்ளை வீட்டிலிருந்து தொடங்காதவரை எதுவும் மாறாது என்பது என் உறுதியான கருத்து.

நான் செட்டிபாளையத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. ஒரு ஆண்பிள்ளைக்குத் தாய். அம்பிளாந்துறையிலிருந்து மகனைக் கேட்டு வந்தபோது, வெற்றிலைத் தட்டைக் கையில் வாங்கியவுடனேயே பேச வேண்டியதைப் பேசிவிட்டேன். மண்டபம் வேண்டாம், கலியாணம் பொம்பிளை வீட்டு வளவிலேயே நடக்கட்டும். கடற்கரையில் போட்டோ சூட் வேண்டாம். தாலிக்கொடி எங்கள் பக்கத்துச் செலவு. அதையும் மஞ்சள் கயிற்றோடு முடித்துக்கொள்வோம் என்றேன். 2019 இல் ஒரு இலட்சத்துக்குக் கீழே நின்ற ஒரு பவுணின் விலை இப்போது மூன்று இலட்சத்தைத் தாண்டிவிட்டது. அவர்களிடம் குறைக்கச் சொல்லிவிட்டு எங்கள் பக்கம் கொடியின் பாரத்தைக் காட்டி நின்றால் அந்தப் பேச்சுக்கு என்ன பெறுமதி?

பெண்ணின் தாய் முதலில் நம்பவில்லை. "மச்சாள், நாளைக்கு ஊர் என்ன சொல்லும்? உங்கட ஆக்களே எங்களக் குறை சொல்லுவாங்களே" என்று கலங்கினா. அந்தப் பயம் நியாயமானது. ஊர் குறை சொல்வது எப்போதும் பெண் வீட்டைத்தான். "யாரும் கேட்டால் நான்தான் வேண்டாமெண்டு சொன்னதெண்டு சொல்லுங்க" என்று சொன்ன பிறகுதான் அவவின் முகம் தெளிந்தது. பலகாரப் பெட்டியை மட்டும் விடமாட்டேன் என்று நின்றா. அரியதரமும் முறுக்கும் பயற்றம் பணியாரமும் அவ கையால் சுட்டு வந்தன. அதை மறுக்க நான் யார்?

எங்கள் பக்கத்துச் சனத்துக்கு ஒரு அளவு வைத்தோம். குருக்கள்மடத்தில் பாதைப் படகு ஒருமுறை வாவியைக் கடக்கும்போது எத்தனை பேரைக் கொள்ளுமோ அத்தனை பேர். அழைப்பிதழ் அடிக்கவில்லை. களுதாவளை வெற்றிலையோடு வீடு வீடாகப் போய்ச் சொன்னோம், வெளிநாட்டில் இருப்பவர்களுக்குத் தொலைபேசியில் சொன்னோம். விவாகப் பதிவும் வளவில் போட்ட கலியாணப் பந்தலிலேயே, இரண்டு சாட்சிகளோடு முடிந்தது. வாழையிலையில் சோறு, பருப்பு, கத்தரிக்காய், பூசணிக்காய், அப்பளம், பாயசம். பெண்கள் போட்ட குரவை வாவிக்கரை வரை கேட்டது. குரவையும் நிறைகுடமும் கூறையும் இல்லாத கலியாணம் எனக்கும் வேண்டாம். அவற்றுக்காக எவரும் கடன்பட்டதில்லை.

இவ்வளவு பிடிவாதமாக நான் எழுதுவதற்குக் காரணம் அந்தக் கடன்தான். கிழமைக்குக் கிழமை வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தித் தவணை கேட்கும் நுண்கடன் எங்கள் கிராமங்களைப் படுத்திய பாடு சிறிதல்ல. வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் அடைக்க முடியாமல் நின்ற ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களைத் தள்ளுபடி செய்ய 2018 இல் அரசாங்கமே முன்வர வேண்டியிருந்தது. அந்தக் கடன்கள் எல்லாம் கலியாணத்துக்கு எடுத்தவை அல்ல. ஆனாலும் மண்டபக் காசுக்கும் வீடியோவுக்கும் சோடனைக்கும் லோன் எடுத்த குடும்பங்களை நான் அறிவேன். என்னிடம் படித்த ஒரு பிள்ளை, தங்கையின் கலியாணக் கடனை அடைக்கக் கைக்குழந்தையைத் தாயிடம் விட்டுவிட்டுக் குவைத்துக்குப் போனாள். அந்தக் கலியாண வீட்டில் நானும் சாப்பிட்டேன். அந்தச் சோறு இன்றைக்கும் என் மனதில் செரிக்கவில்லை.

ஒரு நாள் செலவை மட்டும் குறைத்துவிட்டு எளிமை என்று சொல்லிக்கொள்வதையும் நான் ஏற்கவில்லை. எங்கள் பகுதியில் பெரும் பாரம் வீடு. ஒவ்வொரு பெண்பிள்ளைக்கும் ஒரு வீடு கட்ட வேண்டும், அல்லது தாய் தகப்பன் தங்கள் வீட்டைக் கொடுத்துவிட்டுப் பின்வளவுக் கொட்டிலுக்குப் போக வேண்டும். 1969 இல் அக்கரைப்பற்றுக்கு வந்து ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இந்த வழக்கத்தை விரிவாக எழுதியிருக்கிறார். தாயிடமிருந்து மகளுக்கு வரும் வீடு எங்கள் பெண்களின் பலம். அதை ஒழிக்கச் சொல்ல மாட்டேன். சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வீடுகளில் பலவற்றைக் குடும்பத் தலைவர் என்று கணவன் பெயரில் எழுதியபோது, சீதனமாக வந்த காணியையும் வீட்டையும் பெண்கள் இழக்க நேர்ந்ததை இந்தக் கரையில் கண்டோம். ஆனால் மாடி வேண்டும், மாபிள் பதிக்க வேண்டும், மதில் கட்ட வேண்டும் என்று கேட்பது வழக்கம் அல்ல, பேராசை. இரண்டு அறையும் குசினியும் கிணறும் போதும். மிச்சத்தை இருவரும் உழைத்துக் கட்டட்டும். உறுதி மட்டும் பெண்ணின் பெயரில் இருக்க வேண்டும்.

கலியாணத்தைச் சுருக்கினால் பண்பாடு குறைந்துவிடும் என்று கவலைப்படுகிறவர்களுக்கு எங்கள் கண்ணகை அம்மன் கோயிலைக் காட்டுவேன். வைகாசிச் சடங்கில் கல்யாணக்கால் நடுகிறோம். ஒரு கால், பட்டு, பூ, குரவை. தெய்வத்தின் கலியாணமே அவ்வளவில் நிறைகிறது, ஊரே திரண்டு நிற்கிறது. அந்தக் கண்ணகிக்குப் புகார் நகரத்து வணிகர்கள் செய்த கலியாணத்தில் யானை மேல் பெண்களை ஏற்றி ஊரை அழைத்ததாகச் சிலப்பதிகாரம் சொல்கிறது. அந்த ஆடம்பரம் அவள் வாழ்வைக் காக்கவில்லை. மதுரைக்குப் போகும்போது அவளிடம் மிஞ்சியிருந்தது அவளுடைய சொந்தச் சிலம்பு மட்டுமே.

தமிழ்நாட்டில் புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணங்கள் 1920களின் இறுதியில் தொடங்கின. சட்டம் அவற்றை ஏற்க 1967 வரை, அண்ணாவின் ஆட்சி வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. எங்களுக்கு அந்தத் தடை இல்லை. விவாகப் பதிவுக்கு இங்கே 1907 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமே இருக்கிறது. சட்டம் எங்களை எந்தச் செலவுக்கும் கட்டாயப்படுத்தவில்லை. கட்டாயப்படுத்துவது மாப்பிள்ளை வீட்டு மௌனம். "நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை" என்று சொல்லிவிட்டு, மண்டபம் பிடிக்கும்போது பேசாமல் இருப்பதும் கேட்பதுதான்.

ஆண்பிள்ளை பெற்ற தாய்மாரே, ஆவணிக் கலியாணங்களுக்கு உங்கள் வாசலுக்கும் கேட்டு வருவார்கள். வெற்றிலைத் தட்டை வாங்கும்போதே வாய் திறந்து சொல்லிவிடுங்கள்: ஒரு நாள் கொண்டாட்டத்துக்காக யாரும் கடன்பட வேண்டாம், இருக்கிற வீடு பெண்பிள்ளையின் பெயரிலேயே இருக்கட்டும் என்று.