ரசிகர் மீது பழி போடாதீர்கள்

ரசிகர்கள் இரண்டாம் பாகம், மூன்றாம் பாகம் என்றுதான் கேட்கிறார்கள், ஹாலிவுட் அதைக் கொடுக்கிறது என்ற வாதத்தை ஏற்க முடியவில்லை. டிஸ்னியின் அனிமேஷன் நிறுவனமான பிக்சாரையே எடுத்துக்கொள்வோம். 'சோல்', 'லூக்கா', 'டர்னிங் ரெட்' மூன்றும் புதுக்கதைகள். அமெரிக்காவில் மூன்றையும் தியேட்டருக்கு அனுப்பாமல் நேராக ஓடிடியில் இறக்கியது டிஸ்னி. 'டாய் ஸ்டோரி'யின் கிளைக்கதையான 'லைட்இயர்' மட்டும் 2022 ஜூனில் தியேட்டருக்கு வந்தது, வந்து தோற்றது. கொரோனா காலம் அல்லவா என்பார்கள். முதலிரண்டு படங்களுக்கு அந்தச் சமாதானம் பொருந்தும். ஆனால் 'டர்னிங் ரெட்' வந்தது 2022 மார்ச்சில். அதற்கு மூன்று மாதம் முன்பே 'ஸ்பைடர்மேன்: நோ வே ஹோம்' அரங்குகளை நிறைத்துவிட்டது. கடையே விரிக்காமல் கொள்வாரில்லை என்பது என்ன நியாயம்?

2024இல் 'இன்சைட் அவுட் 2' கிட்டத்தட்ட 170 கோடி டாலர் வசூலித்ததே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அதன் முதல் பாகம் 2015இல் யாருக்கும் அறிமுகமில்லாத புதுக்கதையாகத்தான் வந்தது. 2023இல் வந்த இன்னொரு புதுக்கதையான 'எலிமெண்டல்' அமெரிக்காவில் முதல் வார இறுதியில் 3 கோடி டாலரைக்கூட எட்டவில்லை. படம் அவ்வளவுதான் என்று எழுதிவிட்டார்கள். அவசரப்பட்டுத் தூக்காமல் ஓடவிட்டதால், பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லியே உலகெங்கும் 49 கோடி டாலரைத் தாண்டியது. அந்த அவகாசத்தை எல்லாப் புதுக்கதைகளுக்கும் கொடுங்கள். அப்போதும் கூட்டம் வராவிட்டால் ரசிகரைக் குறை சொல்லுங்கள்.