முதலில் உறங்கட்டும்



2020 மார்ச் 22 அன்று மாலை 5 மணிக்கு, நாடெங்கும் போல் நம்முடைய பெங்களூரிலும் ஜனங்கள் வாசல்களிலும் மாடிகளிலும் நின்று மருத்துவப் பணியாளர்களுக்காகக் கைதட்டினார்கள். அடுத்த மாதமே இந்நகரில் வீடு வீடாக விசாரிக்கச் சென்ற ஓர் ஆஷா பணியாளரைச் சிலர் சூழ்ந்து தாக்கினார்கள். ஜூலையில் கர்நாடகத்தின் ஏறக்குறைய 42,000 ஆஷா பணியாளர்கள், மாதம் 12,000 ரூபாய் மதிப்பூதியமும் பாதுகாப்பு உபகரணங்களும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். 2022 மே மாதத்தில் உலக சுகாதார நிறுவனம் இந்திய ஆஷா பணியாளர்களுக்கு விருது அளித்தது. 2025 ஜனவரியிலோ இச்சகோதரிகள் நமது ஃப்ரீடம் பார்க்கில் குளிரில் அமர்ந்திருந்தார்கள். மாதம் 10,000 ரூபாய் என்ற வாக்குறுதியின்பேரில் எழுந்து சென்றார்கள். விருதைக் கொண்டு வாடகை செலுத்த முடியாதே!

நம் சபைகளிலும் அநேக செவிலியர்கள் உண்டு. இரவுப் பணி, மேலும் ஒரு பணிநேரம், மரணத்தைக் கண்ட கண்களோடு அடுத்த படுக்கைக்குச் செல்லும் அவசரம். ஒருநாள் அவள் நோயாளியிடம் எரிந்து விழுகிறாள். அல்லது எதையும் உணராதவளாகிறாள். உலக சுகாதார நிறுவனம் இதைப் பணிச்சோர்வு என்று நோய்களின் பன்னாட்டு வகைப்பாட்டில் சேர்த்திருக்கிறது. அது இதை நோயென்று சொல்லவில்லை. தீர்க்கப்படாத பணியிட அழுத்தத்தின் விளைவு என்கிறது. ஆகவே காரணத்தைப் பணிநேர அட்டவணையிலும் ஆள் பற்றாக்குறையிலும் தேடவேண்டும். நாமோ, "சகோதரி, விசுவாசம் குறைந்துவிட்டதா?" என்று அவளிடமே விசாரிக்கிறோம்.

சூரைச்செடியின் கீழே சாகவேண்டும் என்று விரும்பிய எலியாவை நினையுங்கள். தூதன் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடியும் உறங்கவிட்டான், மறுபடியும் போஜனம் கொடுத்தான். கேள்வி பிற்பாடே வந்தது, அதுவும் ஓரேபில்.

ஜெபியுங்கள், அதோடு, உறக்கமின்மையும் அழுகையும் வாரக்கணக்கில் நீடித்தால் 14416 என்ற எண்ணை அழைக்கச் சொல்லுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்னும் அரசின் இலவச மனநல உதவி அது. இரவும் பகலும் உண்டு, தமிழிலும் பேசலாம். அதன் தலைமை மையம் ஓசூர் சாலையில் நாம் அன்றாடம் கடந்துபோகும் நிம்ஹான்ஸ் மருத்துவமனையே. அங்கே செல்வதை வெட்கமாக எண்ணும் வழக்கம் நம்மைவிட்டு ஒழியட்டும்.

சனி இரவுப் பணி முடித்து வரும் மகளை ஞாயிறு காலை ஆராதனைக்கு எழுப்பவேண்டுமா என்று பெற்றோர் கேட்பதுண்டு. எழுப்பவேண்டாம். மாலை ஆராதனைக்கு அழைத்து வாருங்கள்.