கிழவர்களிலும் மேல் வார்டு, கீழ் வார்டா?

வேலையை விட்டு விலகிய வயோதிகர்களுக்குச் சர்க்கார் செய்திருக்கும் வைத்திய வசதியைப் பற்றிப் பலர் பலவிதமாகப் பேசுகின்றார்கள். "எல்லாம் இலவசம்" என்பார் ஒருவர். "எல்லாம் மோசடி" என்பார் மற்றொருவர். இருவருமே விதிகளைப் படித்தவர்களாகத் தெரியவில்லை.

முதலில் மத்திய சர்க்கார் உத்தியோகஸ்தர் சங்கதியைப் பார்ப்போம். 1954-ல் டில்லியில் தொடங்கிய சி.ஜி.எச்.எஸ். திட்டத்தில் பென்ஷன்காரரும் சேரலாம். பத்து வருஷச் சந்தாவை ஒரே தடவையாகக் கட்டினால் ஆயுள் வரைக்கும் கார்டு உண்டு. தினசரி மாத்திரை முதல் ஆபரேஷன் வரை கிடைக்கின்றது. நல்ல ஏற்பாடுதான், மறுக்கவில்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் படுக்கப் போனால், உத்தியோகத்திலிருந்தபோது வாங்கிய சம்பளத்தைப் பார்த்தல்லவா படுக்கை கொடுக்கின்றார்கள்! பெரிய அதிகாரிக்குத் தனி அறை, பியூனுக்குப் பொது வார்டு. நிமோனியாக் காய்ச்சல் சம்பளச் சீட்டைப் பார்த்தா வருகின்றது?

"அதிகச் சந்தா கொடுப்பவனுக்கு அதிக வசதி" என்று சமாதானம் சொல்லக்கூடும். அந்தக் கணக்கையும் பார்த்துவிடுவோம். கீழ்த்தரத்தாருக்குச் சந்தா மாதம் 250 ரூபாய், மேல்தரத்தாருக்கு 1,000 ரூபாய். 2016 முதல் அமலான சம்பளக் கமிஷன்படி, பஞ்சப்படி நீங்கலாகக் குறைந்த பென்ஷன் 9,000, அதிகப் பென்ஷன் 1,25,000. அதாவது ஏழை நூற்றுக்கு ஏறக்குறைய மூன்று கொடுக்கிறான், பெரியவர் ஒன்றுகூடக் கொடுக்கவில்லை. அதிகம் கொடுப்பவன் யார்? பொது வார்டில் கிடப்பவன் யார்?

நிற்க. மில்லிலும் பாக்டரியிலும் உழைத்தவன் கதி இன்னும் பரிதாபம். அவனுக்கு 58 வயதில் வரும் பிராவிடண்டு பண்டுப் பென்ஷனின் குறைந்த தொகை 2014-ல் 1,000 ரூபாய் என்று வைக்கப்பட்டது. அந்தப் பென்ஷனோடு வைத்திய இன்ஷூரன்ஸ் என்று ஒன்றுமே சேர்ந்து வருவதில்லை. இ.எஸ்.ஐ.யில் குறைந்தது ஐந்து வருஷம் இருந்து வயது முதிர்ந்து ஓய்வு பெற்றவன் வருஷத்துக்கு 120 ரூபாய் கட்டினால், தனக்கும் மனைவிக்கும் வைத்தியம் பெறலாம். இது எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்குத் தெரிந்த ஒரு நூற்பாலைத் தொழிலாளி, முப்பது வருஷம் சந்தா பிடிக்கப்பட்டவர், மூன்று வருஷமாக மருந்துக்குக் கடன் வாங்கிக்கொண்டிருந்தார். விலகும் நாளில் மாலை போட்டார்களாம், காப்பி கொடுத்தார்களாம், இந்த 120 ரூபாய் விஷயத்தை மட்டும் ஒருவரும் சொல்லவில்லையாம்! கேட்டால் "என் தலையெழுத்து" என்கிறார். தலையெழுத்தல்ல ஐயா, ஆபீஸ் எழுத்து!

இனி, 2024 அக்டோபர் 29-ந் தேதி ஆயுஷ்மான் திட்டத்தில் 70 வயதானவர்கள் எல்லோரும் வருமான வித்தியாசமின்றிச் சேர்க்கப்பட்டார்கள். திட்டத்தில் சேர்ந்த மாகாணங்களில் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. ஆதார் காட்டிப் பதிவு செய்துகொள்ள வேண்டும். இ.எஸ்.ஐ.க்காரர் இதையும் வைத்துக்கொள்ளலாம். சி.ஜி.எச்.எஸ்.காரரோ இரண்டில் ஒன்றைத்தான் பொறுக்க வேண்டும். இங்கேதான் ஜாக்கிரதை வேண்டும். ஆயுஷ்மான் பணம் படுத்தவனுக்குத்தான். அட்மிட் ஆவதற்கு முன் மூன்று நாள், வீடு திரும்பியபின் பதினைந்து நாள் மருந்து, அவ்வளவே. சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் ஆயுள் முழுதும் விழுங்கும் மாத்திரைக்கு ஒரு காசு இல்லை. மாத்திரையில்லாமல் பக்கவாதம் வந்து விழுந்தபின் லட்சம் கொடுப்பார்களாம்!

58-ல் வேலை போகின்றது, 70-ல்தான் கார்டு வருகின்றது. இடையிலுள்ள பன்னிரண்டு வருஷம் நோய்க்கு யார் லீவு கொடுத்திருக்கிறார்கள் என்பதைத் திட்டம் போட்டவர்கள்தான் சொல்ல வேண்டும். வீட்டிலோ தெருவிலோ மில்லிலிருந்து விலகியவர் இருந்தால், அவருடைய பழைய இ.எஸ்.ஐ. நம்பரை முதலில் தேடி எடுக்கச் சொல்லுங்கள்.