கடவுச்சொல் பலமாக இருந்தால் போதுமா?

மாணவர்களே, "தொலைவிலுள்ள கணினியொன்றினுள் பாதுகாப்பாக உட்புக யாது செய்தல் வேண்டும்?" என வினவினால், உங்களில் பெரும்பாலானோர் "பலமான கடவுச்சொல்லைப் பயன்படுத்தல்" என எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குச் சென்றுவிடுகிறீர்கள். புள்ளியும் கிடைக்கக்கூடும். ஆயினும் அது அரைகுறை விடை என்பதே எனது கருத்து.

லினக்ஸ் பணிசெயல் முறைமையில் தொலைவிலிருந்து உட்புகுவதற்கு ரெல்நெற் எனும் பழைய சேவை உண்டு. இதில் நீங்கள் தட்டச்சிடும் ஒவ்வோர் எழுத்தும், கடவுச்சொல் உட்பட, மறைகுறியாக்கம் எதுவுமின்றி வலையமைப்பினூடாகச் செல்லும். தபாலட்டையில் இரகசியம் எழுதி அனுப்புவது போன்றது இது. கடவுச்சொல் இருபது எழுத்தில் இருந்தாலென்ன, இடையில் இருப்பவன் அதை அப்படியே வாசித்துவிடுவான். 1995 இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி தொழினுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் இவ்வாறுதான் கடவுச்சொற்கள் திருடப்பட்டன. அதன் பின்னரே அங்கிருந்த தாட்டு யூலோனென் என்பவர் எஸ்.எஸ்.எச் எனும் மறைகுறியாக்கப்பட்ட முறையை உருவாக்கினார். ரெல்நெற்றின் துறை இலக்கம் 23, எஸ்.எஸ்.எச் இனுடையது 22. (இவற்றை மாற்றி எழுதுவோர் ஒவ்வொரு வகுப்பிலும் உளர்.)

எஸ்.எஸ்.எச் இருக்கையில் கவலை எதற்கு என்றுதான் நானும் எண்ணினேன். நான் கலைப்பட்டதாரி; கணினியைத் தட்டுத்தடுமாறிக் கற்றவன். வகுப்பு வினாத்தாள்கள் இருந்த உபுண்டுக் கணினியில் அச்சேவையை நிறுவினேன். இரண்டு நிமிட வேலை. வீட்டிலிருந்தே எடுக்கலாமென்று ரவுட்டரிலும் 22 ஆம் துறையைத் திறந்துவிட்டேன். மறுநாள் பதிவுக் கோப்பைப் பார்த்தால், "ரூட்", "அட்மின்" எனும் பெயர்களில் உட்புக முயன்ற வரிகள் பக்கம் பக்கமாக இருந்தன! என்மீது யாருக்கும் பகையில்லை. திறந்த துறைகளை இணையமெங்கும் தேடி, கடவுச்சொற்களை ஒவ்வொன்றாக இட்டுப் பார்க்கும் நிரல்களின் வேலை அது. எனது கடவுச்சொல்லோ வகுப்பின் பெயரும் ஆண்டும். 2016 இல் மிராய் எனும் தீம்பொருள், ரெல்நெற் திறந்திருந்த கமராக்களையும் ரவுட்டர்களையும் இலட்சக்கணக்கில் கைப்பற்றியது. அதற்குத் தேவைப்பட்டவை எவரும் மாற்றாமல் விட்ட ஏறத்தாழ 60 கடவுச்சொற்களே.

அன்றே ரூட் பயனர் நேரடியாக உட்புகுவதைத் தடுத்தேன். கடவுச்சொல் முறையையும் நிறுத்திச் சாவிச் சோடிக்கு மாறினேன். இதில் பொதுச் சாவி மாத்திரம் சேவையகத்தில் இருக்கும். தனிப்பட்ட சாவி உங்கள் கணினியை விட்டு வெளியேறாது. ஊகிப்பதற்கு அங்கே கடவுச்சொல்லே இல்லை. ஆனால் பொதுச் சாவியை முதலில் சேர்த்துப் பரீட்சித்த பின்னரே கடவுச்சொல்லை நிறுத்த வேண்டும். நான் ஒழுங்கை மாற்றிச் செய்து, வீட்டிலிருந்தபடி என் கணினிக்கு நானே அந்நியனானேன்.

என்னைக் கேட்டால் அவ்வினாவுக்கு முதலாவது விடை, "தேவையில்லையெனில் அச்சேவையை இயக்காதிருத்தல்" என்பதே. ஒரு மாதத்தில் நான் அதைப் பயன்படுத்தியது இரண்டே தடவைகள். சேவையை நிறுத்தி, ரவுட்டரிலும் துறையை மூடிவிட்டேன். இப்போது வினாத்தாள்கள் சட்டைப் பையில், பென்டிரைவில் வருகின்றன.