முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டாம்

ஊசி போடும் அறைக்குள் வருபவர்களில் பெரும்பாலானோர் சட்டைக் கையை மடித்துவிட்டு முகத்தை மறுபுறம் திருப்பிக்கொள்கிறார்கள். உடன் வந்தவர் சுவரில் தொங்கும் நாட்காட்டியைப் பார்க்கிறார். குழந்தையைத் தூக்கி வந்த தாய் கண்களை மூடிக்கொள்கிறார். சில நொடிகளில் எல்லாம் முடிந்துவிடுகிறது. என்ன மருந்து, எந்தக் குழலில் எடுக்கப்பட்டது, உடலில் எந்த இடத்தில் போடப்பட்டது என்று பிறகு கேட்டால் ஒருவருக்கும் தெரிவதில்லை.

அந்தச் சில நொடிகளைப் பற்றி இம்முறை எழுத விரும்புகிறோம். ஊசி போடுவது எங்கள் பணி. அது முறையாகப் போடப்படுகிறதா என்று பார்ப்பது உங்கள் உரிமை. அந்த உரிமையை நீங்கள் கூச்சமின்றிப் பயன்படுத்த வேண்டும். தேவையில்லாத ஊசியைக் கேட்டுப் பெறும் வழக்கத்தையும் கைவிட வேண்டும். இவ்விரண்டும் சேர்ந்தால்தான் ஊசி பாதுகாப்பானதாகும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

கானாடுகாத்தானிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் பெரிய வீடுகளில் முதியவர்கள் தனித்து வாழ்வதை நாம் அறிவோம். பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ இருப்பார்கள். மூட்டுவலி, முதுகுவலி, உடற்சோர்வு என்றால் மருத்துவமனைக்கு வந்து காத்திருப்பதைவிட, பழக்கமான ஒருவரை வீட்டுக்கே அழைத்து ஊசி போட்டுக்கொள்வது அவர்களுக்கு எளிதாக இருக்கிறது. வந்தவர் முகப்பைத் தாண்டி வளவுக்குள் வந்து, ஆச்சிக்கு ஊசி போட்டுவிட்டுக் காபி குடித்துவிட்டுப் போவார். பல ஆண்டுப் பழக்கம் என்பதால் அவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை.

முதியவர் ஒருவர் இப்படித்தான் முதுகுவலிக்காக வீட்டில் இடுப்பு ஊசி போட்டுக்கொண்டார். ஊசி இறங்கிய கணமே கால்வரை மின்சாரம் பாய்ந்தது போலிருந்ததாம். மறுநாள் வலப்பாதத்தை மேலே தூக்க முடியவில்லை. நடந்தால் கால்விரல்கள் தரையில் உரசின; செருப்பு காலில் நிற்கவில்லை. எங்களிடம் வந்தபோது வாரம் ஒன்றாகியிருந்தது. பாதத்தைத் தாங்கும் பட்டையும் பல மாத இயன்முறைப் பயிற்சியும் அவருக்குத் தேவைப்பட்டன. முதுகுவலிக்கு முதலில் மாத்திரையும் ஓய்வுமே போதுமானவையாக இருந்திருக்கும்.

நம் உடலின் மிகத் தடித்த நரம்பு புட்டத்தின் வழியாகக் காலுக்கு இறங்குகிறது. ஊசி அந்த நரம்பின் மீதோ அதற்கு மிக அருகிலோ இறங்கினால் பாதம் செயலிழக்கலாம். அப்பகுதியில் பெரிய இரத்தக்குழாயும் உண்டு. உடல் பருத்தவர்களுக்கு அங்கே கொழுப்பு தடித்திருப்பதால், மருந்து தசையை எட்டாமல் கொழுப்பிலேயே தங்கிவிடுவதும் உண்டு. மெலிந்த முதியவர்களுக்கோ தசை தேய்ந்திருப்பதால் நரம்பு இன்னும் நெருக்கத்தில் இருக்கும். ஆகவேதான் இன்றைய செவிலியக் கல்வி புட்டத்தின் பின்புறத்தைத் தவிர்க்கச் சொல்கிறது. பெரியவர்களுக்கு மருந்தின் அளவு குறைவாக இருந்தால், தோளெலும்பின் முனைக்கு இரண்டு மூன்று விரற்கடை கீழே மேற்கையின் சதைப்பற்றான பகுதியில் போடலாம். அளவு கூடுதலாக இருந்தால் இடுப்பின் பக்கவாட்டுப் பகுதியோ தொடையின் வெளிப்புறமோ ஏற்றது. கைக்குழந்தைகளுக்குத் தொடையின் முன்வெளிப்புறமே உரிய இடம். “இடுப்பிலே போடுங்கள், கையில் போட்டால் வலிக்கும்” என்று எங்களிடம் கேட்பவர்கள் பலர். இனி அப்படிக் கேட்க வேண்டாம். ஒரு நாள் கைவலி ஆறிவிடும். நரம்பில் பட்ட காயம் அவ்வளவு எளிதில் ஆறாது.

இடம் மாறினால் மருந்தின் பலனும் மாறும். நாய்க்கடித் தடுப்பூசி அதற்குச் சிறந்த சான்று. தொப்புளைச் சுற்றிப் போடப்பட்ட ஊசிகளை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆட்டு மூளையிலிருந்து தயாரிக்கப்பட்ட அந்தப் பழைய மருந்து இந்தியாவில் 2004ஆம் ஆண்டின் இறுதியில் கைவிடப்பட்டது. இன்றைய தடுப்பூசியைத் தசையில் போடுவதானால் பெரியவர்களுக்கு மேற்கையிலும் சிறு குழந்தைகளுக்குத் தொடையிலும் மட்டுமே போட வேண்டும். புட்டத்தில் போட்டால் போதிய எதிர்ப்பாற்றல் உருவாகாமல் போகலாம். வெறிநோய் தோன்றிவிட்டால் உயிரைக் காப்பது ஏறத்தாழ இயலாது என்பதால், இங்கே இடத்தைப் பற்றிய கேள்வி உயிரைப் பற்றிய கேள்வியாகிவிடுகிறது.

அடுத்து, காய்ச்சலுக்கு ஊசி கேட்கும் வழக்கம். “மாத்திரை மட்டுந்தானா? ஒரு ஊசி போட்டுவிட்டால் சட்டென்று விட்டுவிடுமே” என்ற சொற்களைக் கேட்காமல் எங்கள் புறநோயாளிப் பிரிவில் ஒரு நாளும் கழிவதில்லை. ஊசி போடாத மருத்துவர் நோயைக் கவனிக்காதவர் என்ற எண்ணம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ஆனால் பெரும்பாலான காய்ச்சல்கள் கிருமிகளுக்கு எதிராக உடல் நடத்தும் போராட்டத்தில் எழுபவை. வாயால் உட்கொள்ளும் பாராசிட்டமால் அவற்றுக்குப் போதும். தசையில் போடும் மருந்து சற்று முன்னதாக வேலை செய்யக்கூடும்; நோய் அதனால் விரைவில் நீங்கிவிடுவதில்லை.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இவ்வழக்கம் ஆபத்தாகவும் முடியலாம். அப்போது வரும் காய்ச்சல்களில் டெங்குவும் உண்டு. டெங்குவில் இரத்தத் தட்டணுக்கள் குறையும். தசையில் குத்திய இடத்தில் உள்ளேயே இரத்தம் கசிந்து கட்டிக்கொள்ளலாம். காய்ச்சலுக்கும் வலிக்கும் ஊசியாகப் போடப்படும் டைக்ளோஃபினாக் போன்ற மருந்துகள் இரத்தக்கசிவை மேலும் கூட்டக்கூடியவை. எனவேதான் டெங்கு என்ற ஐயம் இருக்கும்போது தசையூசியையும் இவ்வகை வலிநிவாரணிகளையும் தவிர்க்கும்படி மருத்துவ வழிகாட்டுதல்கள் கூறுகின்றன. உங்களுக்கு ஊசி மறுக்கப்படும்போது அது அலட்சியம் அன்று, எச்சரிக்கை என்பதைத் தயவுசெய்து புரிந்துகொள்ளுங்கள்.

குழந்தைகளின் காய்ச்சலிலும் இப்பாடம் முன்பே நமக்குக் கிடைத்திருக்கிறது. போலியோ பரவியிருந்த காலத்தில், காய்ச்சலோடு வந்த குழந்தைக்குத் தசையில் ஊசி போட்டால் அந்தக் காலே செயலிழக்கும் வாய்ப்பு கூடியது. தேவையற்ற ஊசிகளுக்கும் போலியோ வாதத்துக்கும் இருந்த இத்தொடர்பைப் புதுச்சேரி ஜிப்மரின் குழந்தை மருத்துவர்கள் பங்கேற்ற ஆய்வொன்று 1992ஆம் ஆண்டு எடுத்துக்காட்டியது. 2014ஆம் ஆண்டு இந்தியா போலியோ அற்ற நாடாகச் சான்று பெற்றுவிட்டது. ஆயினும் காய்ச்சல் என்றால் ஊசி என்னும் பழக்கம் மட்டும் நீங்கவில்லை.

இதுவரை இடத்தையும் தேவையையும் பற்றிச் சொன்னோம். மூன்றாவதாக, குழலும் ஊசியும் புதியவையா என்பதைப் பார்க்க வேண்டும். கண்ணாடிக் குழலைக் கொதிநீரில் போட்டு எடுத்து அடுத்தவருக்கும் பயன்படுத்திய நாட்கள் பலருக்கு நினைவிருக்கும். 1986ஆம் ஆண்டு இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்றை முதன்முதலில் கண்டறிந்தவர்கள் சென்னையைச் சேர்ந்த மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும். இரத்தத்தின் வழியே பரவும் நோய்களைப் பற்றிய விழிப்பு அதன்பின் பெருகியது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிக் குழல்களும் எங்கும் வந்துவிட்டன. ஆனால் குழல் மாறிய வேகத்தில் பழக்கம் மாறவில்லை. 2002ஆம் ஆண்டு தொடங்கி நாடு முழுவதும் நடத்தப்பட்ட ஆய்வு, இந்தியாவில் ஆண்டுதோறும் 300 கோடி ஊசிகள் போடப்படுவதாகவும் அவற்றில் ஏறத்தாழ 63 விழுக்காடு பாதுகாப்பற்றவை எனவும் மதிப்பிட்டது.

விளைவுகளை நாடு கண்டது. 2009ஆம் ஆண்டு குஜராத்தின் மோடாசா நகரிலும் அதைச் சுற்றியும் ஹெபடைடிஸ் பி பரவி எழுபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பயன்படுத்திய குழல்களை மீண்டும் பயன்படுத்தியதே காரணமாகக் கூறப்பட்டது. 2018ஆம் ஆண்டின் தொடக்கத்தில் உத்தரப்பிரதேசத்தின் பாங்கர்மாவு பகுதியில் நாற்பதுக்கும் மேற்பட்டோருக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பது தெரியவந்தது. தகுதியற்ற ஒருவர் வீடு வீடாகச் சென்று ஒரே ஊசியைப் பலருக்குப் பயன்படுத்தினார் என்பது குற்றச்சாட்டு. குறைந்த கட்டணத்தில் வீட்டு வாசலுக்கே வந்த ஊசியை அம்மக்கள் நம்பினார்கள். நம் ஊரில் வீட்டுக்கு வந்து ஊசி போடுபவர்களில் முறையாகப் பயின்ற செவிலியர்களும் இருக்கிறார்கள்; அவர்களைக் குறைகூறுவது எங்கள் நோக்கமன்று. ஆயினும் வருபவர் யாராயினும், எத்தனை ஆண்டுப் பழக்கமாயினும், பார்க்க வேண்டியதைப் பார்த்தே ஆக வேண்டும்.

எதைப் பார்ப்பது? ஊசி போடுபவர் கைகளைத் தூய்மை செய்கிறாரா? குழலும் ஊசியும் உங்கள் கண்முன்னே உறையிலிருந்து பிரிக்கப்படுகின்றனவா? மருந்தின் பெயரும் காலாவதி நாளும் உங்களுக்குக் காட்டப்படுகின்றனவா? பலருக்குப் பயன்படும் மருந்துக்குப்பியானால் அதன் மூடியில் முன்பே ஓர் ஊசி குத்தி வைக்கப்பட்டிருக்கிறதா? இருந்தால் அந்த மருந்தை ஏற்க வேண்டாம். ஸ்பிரிட் தடவிய இடம் நன்றாகக் காய்ந்த பிறகு ஊசி இறங்குகிறதா? பயன்படுத்திய ஊசிக்கு மீண்டும் மூடி போடாமல், துளைக்க முடியாத பெட்டியில் உடனே போடுகிறாரா? இவ்வளவுதான். இவற்றைப் பார்க்க மருத்துவப் படிப்பு தேவையில்லை.

நீங்கள் சொல்ல வேண்டியவையும் உண்டு. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உட்கொள்பவர்களும், முன்பு ஏதேனும் மருந்தால் ஒவ்வாமை ஏற்பட்டவர்களும் ஊசிக்கு முன்பே அதைத் தெரிவிக்க வேண்டும். ஊசி இறங்கும்போது சுருக்கென்று கை அல்லது கால் முழுவதும் வலி பாய்ந்தால் பொறுத்துக்கொள்ளாமல் உடனே “நிறுத்துங்கள்” என்று சொல்லுங்கள். பிறகு அரை மணி நேரம் காத்திருங்கள். மரத்துப்போதல், பாதமோ கையோ தளர்தல் ஆகியவை தோன்றினால் அன்றைக்கே வாருங்கள். போட்ட இடம் நாளுக்கு நாள் சிவந்து வீங்கினாலும் சீழ் கட்டினாலும் வீட்டு வைத்தியம் வேண்டாம்.

ஊசியே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. பிறந்த குழந்தைக்குப் போடும் வைட்டமின் கே, தடுப்பூசிகள், வாதக்காய்ச்சலால் இதயம் பாதிக்கப்பட்டவர்களுக்குக் குறித்த இடைவெளியில் போடும் பென்சிலின், கடுமையான ஒவ்வாமையில் தொடையில் போடும் அட்ரினலின் ஆகியவை உயிர்காப்பவை. அவற்றைத் தவறவிடக் கூடாது. உடற்சோர்வு என்றாலே ‘சத்து ஊசி’ என்று கேட்பதும், மருத்துவர் உறுதி செய்த பி12 குறைபாட்டுக்கு ஊசி போட்டுக்கொள்வதும் வெவ்வேறு. “இது மாத்திரையாகக் கிடைக்காதா?” என்ற ஒரே கேள்வி அந்த வேறுபாட்டைக் காட்டிவிடும்.

இப்படியெல்லாம் கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்களா என்று நீங்கள் தயங்குவது எங்களுக்குத் தெரியும். அத்தயக்கத்துக்கு எங்கள் துறையும் காரணம். கூட்டம் மிகுந்த காலை வேளையில் ஒரு கேள்விக்கு முகம் சுளித்த செவிலியரையோ மருத்துவரையோ நீங்கள் சந்தித்திருக்கக்கூடும். குறை கேட்டவரிடத்தில் இல்லை. முகம் சுளித்தவரிடத்தில்தான் இருக்கிறது. எங்களில் எவரேனும் அவ்வாறு நடந்துகொண்டால் தலைமைச் செவிலியரிடம் சொல்லுங்கள். உறையை உங்கள் கண்முன் பிரிப்பதற்கும் மருந்தின் பெயரை வாய்விட்டுச் சொல்வதற்கும் சில நொடிகளே ஆகும். அந்த நொடிகளை உங்களுக்குத் தருவது எங்கள் கடமை.

வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். தொலைபேசியில் அம்மாவிடம் “ஊசி போட்டாயிற்றா?” என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். “என்ன ஊசி, யார் எழுதிக்கொடுத்தார், உறையைப் பிரித்ததைப் பார்த்தீர்களா?” என்றும் கேளுங்கள். நான்கு வாரம் அப்படிக் கேட்டால் ஐந்தாம் வாரம் ஆச்சியே கண்ணாடியை மாட்டிக்கொண்டு உறையை வாங்கிப் பார்ப்பார்.