கப்பலின் விலையும் உதிரிப்பாகத்தின் விலையும்

அமெரிக்காவின் ‘ஜெரால்ட் ஆர். போர்ட்’ விமானந்தாங்கிக் கப்பல் என்றதும் எல்லோரும் 13 பில்லியன் டொலர் விலையைத்தான் சொல்கிறார்கள். நாம் பார்க்க வேண்டியது அதற்குப் பின்னால் வரும் செலவை.

குண்டுகளை மேல்தளத்துக்கு ஏற்றும் 11 மின்காந்த மின்தூக்கிகள் இக்கப்பலுக்கென்றே புதிதாக வடிவமைக்கப்பட்டவை. 2017 இல் கப்பல் சேவையில் சேர்ந்தபோது அவற்றில் ஒன்றுகூட இயங்கவில்லை. கடைசி மின்தூக்கி 2021 டிசம்பரில்தான் கையளிக்கப்பட்டது. இடையில் உதிரிப்பாகங்கள் போதாமல், கட்டுமானத்திலிருந்த அடுத்த கப்பலான ‘ஜோன் எப். கென்னடி’க்குரிய பாகங்களை எடுத்துப் பூட்டினார்கள்.

கணக்கேட்டில் இது புதுச் செலவாகத் தெரியாது. ஒரு கப்பலின் குறை மற்றதன் பெயருக்கு மாறும். கென்னடியின் கையளிப்போ 2027 வரை தள்ளிப்போயிருக்கிறது. மின்தூக்கி வேலைகளும் அதற்கு ஒரு காரணம்.

கழிவறைத் தொகுதியும் புதிய வடிவமைப்புத்தான். அடைப்பெடுக்க அமிலம் விட்டுக் கழுவ ஒரு தடவைக்கு 4 இலட்சம் டொலர் என்று அந்நாட்டு அரசாங்கப் பொறுப்புக்கூறல் அலுவலகம் 2020 இல் காட்டியது.

முழுமையாகப் பரீட்சித்து முடியாத பல தொழில்நுட்பங்களை ஒரே கப்பலில் ஏற்றியதே இதற்கெல்லாம் மூலம். இக்கப்பல் 50 ஆண்டுகள் ஓட வேண்டியது. உதிரிப்பாகத்துக்கு முதலில் ஒதுக்காத பணத்தை அத்தனை ஆண்டுகளும் கட்டப்போவது அங்கே வரி கட்டும் சனங்கள்தான். நாம் வாழும் நாடுகள் ஆயுதம் வாங்கும்போதும் இதையே கேட்போம்: பராமரிப்புக்கு எவ்வளவு?