லோகோவிலேயே நின்றுவிட்ட போன்

போன் லோகோவைக் காட்டிவிட்டு அங்கேயே நின்றுவிட்டால், "சாஃப்ட்வேர் போடணும்" என்பார் கடைக்காரர். மின்னணுக் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவில் அது நின்று வாங்கிக்கொண்டு போகிற வேலை. நிக்கோபாரின் கச்சால் தீவில் அப்படியல்ல. இலங்கையிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்களை 1970களில் ரப்பர் தோட்டத்துக்காகக் குடியேற்றிய தீவு அது. ஸ்ரீ விஜயபுரத்துக்கு, அதாவது 2024 வரை போர்ட் பிளேர் என்று அழைக்கப்பட்ட ஊருக்கு, அங்கிருந்து கப்பல் ஏற வேண்டும். இத்தனைக்கும் அந்த வேலைக்குத் தேவை ஒரு கணினி, ஒரு டேட்டா கேபிள், கூகுள் இலவசமாகத் தரும் ஏடிபி, ஃபாஸ்ட்பூட் என்ற இரு சிறு கருவிகள், அந்த மாடலுக்கான சிஸ்டம் கோப்பு ஆகியவைதான். இவற்றில் கடைசியாகச் சொன்ன கோப்பைத்தான் பல நிறுவனங்கள் பொதுவில் வெளியிடுவதில்லை. விற்ற ஒவ்வொரு மாடலுக்கும் அதை வெளியிட வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்த வேண்டும் என்பதே என் வாதம்.

அப்படி வெளியிடுவது திருடனுக்கு வழி திறந்துவிடுவதாகாதா என்று கேட்பார்கள். கூகுள் தன் பிக்சல் போன்களுக்கு இரண்டு வகைக் கோப்புகளை வெளியிடுகிறது. ஒன்று முழு ஓடிஏ கோப்பு, அதாவது புதுப்பிப்புக் கோப்பு. போனை ரெகவரி நிலைக்குக் கொண்டுபோய், கணினியில் 'ஏடிபி சைடுலோட்' என்ற ஒரே வரியைத் தட்டினால் அது ஏறிவிடும். போன் முதலில் அதிலுள்ள டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்க்கும். நிறுவனத்தின் கையொப்பம் இல்லாவிட்டால் ஏற்காது. போனைத் தொடக்கிவைக்கும் நிரலான பூட்லோடரின் பூட்டைத் திறக்கத் தேவையில்லை. படங்களும் பொதுவாக அழிவதில்லை. திரைப்பூட்டு அப்படியே இருக்கும் என்பதால் திருடனுக்கு இதில் ஒன்றும் கிடைக்காது. மற்றது, ஃபாஸ்ட்பூட் வழியாக அடியோடு அழித்து மறுபடி நிரப்பும் ஃபேக்டரி கோப்பு. அதற்குப் பூட்லோடரைத் திறக்க வேண்டும். அதற்கான அனுமதியைப் போனின் அமைப்புகளுக்குள் போய், திரைப்பூட்டு எண்ணைத் தந்து, முன்கூட்டியே இயக்கியிருக்க வேண்டும். திறந்த கணமே உள்ளிருக்கும் அத்தனையும் அழிந்துவிடும். திருடனைத் தடுக்கும் இந்த ஏற்பாடு, பிரதி எடுத்து வைக்காத உரிமையாளரையும் விட்டுவைக்காது. அந்த இழப்பு பெரிது. அதனால்தான் முழு ஓடிஏ கோப்பே முதலில் எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்கிறேன்.

தெரியாதவர்கள் கைவைத்துப் போனைக் கெடுத்துக்கொள்வார்கள் என்ற அச்சமும் நியாயமே. வேறு மாடலின் கோப்பை ஏற்றியோ, மாற்றிய மென்பொருளோடு பூட்லோடரை மறுபடி பூட்டியோ போனைச் சாகடித்தவர்கள் உண்டு. பூட்லோடரைத் திறந்தே வைத்திருந்தால் வங்கிச் செயலிகள் பல இயங்க மறுக்கும். ஆனால் அசல் கோப்பு கிடைக்காமல் ஊர்பேர் தெரியாத தளங்களிலிருந்து இறக்கிக்கொள்வதாலும் இத்தகைய விபத்துகள் வரலாம். அசலை மூடி வைப்பதே ஆளைப் போலியிடம் தள்ளுகிறது.

இனி, தீவுகளில் அவ்வளவு பெரிய கோப்பை எப்படி இறக்குவது? செயற்கைக்கோளை நம்பியிருந்த நாட்களில் நினைத்துப் பார்க்க முடியாத காரியம் அது. 2020 ஆகஸ்ட் 10 அன்று சுமார் 2,300 கிலோமீட்டர் நீளக் கடலடிக் கேபிள் சென்னைக்கும் தீவுகளுக்கும் இடையே பயன்பாட்டுக்கு வந்தது. கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் வரை அது போகிறது. அந்தப் பட்டியலில் கச்சால் இல்லை. அங்கேதான் கையொப்பத்தின் அருமை தெரிகிறது. கோப்பு யார் கையிலிருந்து வந்தது என்பது பொருட்டே அல்ல. ஸ்ரீ விஜயபுரத்து நூலகமோ தொழிற்பயிற்சி நிலையமோ ஒருமுறை இறக்கிப் பென் டிரைவில் போட்டுக் கப்பலில் அனுப்பினாலும், வழியில் எவரேனும் ஓர் எழுத்தை மாற்றியிருந்தால் போனே மறுத்துவிடும்.

மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்ப்பு உரிமைக்கென ஓர் இணையதளம் தொடங்கியது. கையேடு, உதிரிபாகம், உத்தரவாதம் பற்றிய தகவல்களை நிறுவனங்கள் அதில் தருகின்றன. போனைப் பொறுத்தவரை சிஸ்டம் கோப்பும் ஓர் உதிரிபாகமே. ஒவ்வொரு மாடலின் பெயருக்கு நேராக அதன் முழுக் கோப்பும், கோப்பு மாறாமல் இருக்கிறதா என்று பார்க்க உதவும் சரிபார்ப்பு எண்ணும் அங்கே வர வேண்டும். போன் விற்பனை நின்ற பிறகும் பல ஆண்டுகள் அங்கேயே இருக்க வேண்டும்.